பி.எஸ்சி. உயிரியல்: போட்ட பணம் திரும்ப வருமா?

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் தறி வைத்திருக்கும் அக்கா ஒருவர், போன மே மாதம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். முன்பக்கம் முழுக்கப் பாவு, ஊடை, கூலி என்று தறிக் கணக்கு. பின்பக்கமிருந்து திருப்பினால் மகளின் படிப்புக் கணக்கு. ஸ்கேல் வைத்து நடுவில் கோடு போட்டிருந்தார். இடது பக்கத்தில் ‘பிரைவேட், பயோடெக்’. வலது பக்கத்தில் ‘கவர்மெண்ட், ஜுவாலஜி’.

“பாப்பாவுக்கு நீட்ல மார்க் வரலைங்க தம்பி. ஆனா பயாலஜிய விட மாட்டேங்கறா. எதுல சேத்தாலும் சரி, போட்ட பணம் திரும்ப வருமான்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

படிப்பைப் பணத்தால் அளக்காதீர்கள் என்று இதற்குப் பதில் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடு இல்லை. தறிக்கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை எடுத்து வைப்பவருக்கு இந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு, அதற்கு நேரான பதில் கிடைக்கவும் வேண்டும். அன்று அவரோடு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ஏனென்றால் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம் என்று ஏதோ ஒரு பெயரில் இந்தப் பட்டத்தில் சேரும் பிள்ளைகள் சேலம் பக்கம் வருடா வருடம் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

வலது பக்கத்திலிருந்து தொடங்கினோம். அரசு கலைக் கல்லூரியில் இளங்கலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. இணையத்தில் விண்ணப்பிக்க 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், ஆக மொத்தம் 50. அப்புறம் சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, லேப் கோட்டு, ஜெராக்ஸ். எல்லாம் சேர்த்து மூன்று வருடத்துக்கு 15,000 என்று எழுதியிருந்தார். பஸ் என்று எழுதி அதற்கு நேரே பூஜ்யம். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மகள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். மூன்று வருடத்துக்கு 36,000. ஆக அந்தப் பக்கத்தில் செலவைவிட வரவுதான் அதிகம். பையன்களுக்கும் இதே தொகை 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வருகிறது.

இடது பக்கத்தில் கட்டணம், கல்லூரி பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒரு லட்சம். கையில் இல்லை, கல்விக் கடன்தான். நான்கு லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கமாட்டார்கள் என்பதால் கடன் கிடைப்பது பெரிய பாடு இல்லை. திருப்பிக் கட்டும்போதுதான் தெரியும். படிக்கிற காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். 10 சதவீதம் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் வாங்கிய லட்சத்துக்கு நான்கு வருட வட்டி 40,000. இரண்டாவது லட்சத்துக்கு 30,000. மூன்றாவதுக்கு 20,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 3,90,000 ஆகியிருக்கும். ஐந்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 8,300 கட்ட வேண்டும். கடைசியில் கட்டி முடித்த தொகை ஏறக்குறைய ஐந்து லட்சம்.

அந்தப் பெண் படிப்பு முடிந்து 13,000 சம்பளத்தில் ஒரு வேலைக்குப் போகிறாள் என்று வைத்தால், கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பேங்குக்கே போய்விடும். அக்கா இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் இன்னும் முடிக்கவில்லை.

நோட்டில் எழுதாத செலவு ஒன்று இருந்தது. அதே மூன்று வருடத்தை வேலையில் கழித்தால் என்ன வரும்? பிளஸ் டூ முடித்த பையன் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் சேர்ந்து மாதம் 12,000 வாங்குகிறான் என்று வைத்தால், 36 மாதத்துக்கு 4,32,000. இலவசமாகப் படித்தாலும் அவன் வீட்டுக்கு அந்தப் பட்டத்தின் விலை அதுதான். பெண் பிள்ளை விஷயத்தில் இந்தச் செலவு கண்ணுக்கே தெரிவதில்லை. தறி வீட்டில் அவள் தார் சுற்றுவாள், பாவு பிணைக்க உதவுவாள், அதற்கு யாரும் தனியாகக் கூலி எழுதுவதில்லை. எழுதாத கூலி என்பதால் அது செலவே இல்லை என்று ஆகிவிடாது. கல்லூரிக்குப் போகும் நாட்களில் அந்த வேலையை அக்கா இரவில் உட்கார்ந்து செய்கிறார்.

சந்தையில் ஏன் விலை குறைவு

உயிரியல் பட்டதாரிக்குத் தொடக்கச் சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், ஆள் அதிகம் வேலை குறைவு என்பார்கள். அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, இந்தப் பட்டத்துக்கு வேலி இல்லாதது. நர்சிங் முடித்தவர் கவுன்சிலில் பெயர் பதிகிறார், பார்மசி முடித்தவரும் பதிகிறார். பதிவில்லாத ஒருவரை அந்த வேலைக்கு எடுப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் அந்தப் பட்டங்களுக்குக் கீழே ஒரு தரை இருக்கிறது, சம்பளம் குறைவாக இருந்தாலும் வேலை அவர்களுடையது. விலங்கியலுக்கோ நுண்ணுயிரியலுக்கோ அப்படி ஒரு பதிவேடு கிடையாது. அந்தப் பட்டதாரி செய்யக்கூடிய வேலையை வேதியியல் படித்தவரும் செய்யலாம், டிப்ளமோ படித்தவரும் செய்யலாம்.

இதில் அதிகம் ஏமாறுவது ரத்தப் பரிசோதனைக் கூடத்தை நினைத்துக்கொண்டு உயிர்வேதியியல் சேருகிறவர்கள். லேப் என்றால் நம்ம படிப்புதானே என்று மூன்று வருடம் படித்துவிட்டுப் போனால், அங்கே கேட்பது டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வக டிப்ளமோ அல்லது பி.எஸ்சி. மருத்துவ ஆய்வக நுட்பம். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இந்தத் தொழில்களுக்கும் பதிவேடு கொண்டுவருகிறது. அதாவது புதிதாக ஒரு வேலி போடுகிறார்கள், பொது உயிரியல் பட்டதாரி அதற்கு வெளியே நிற்கிறார். மூன்று வருடப் பட்டத்தை முடித்துவிட்டு மறுபடி டிப்ளமோவில் உட்காரும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். லேப் வேலைதான் ஆசை என்றால் முதல் நாளே நேராக ஆய்வக நுட்பத்தில் சேர்வது ஒன்றிரண்டு வருடத்தையும் அந்த வருடங்களின் சம்பளத்தையும் மிச்சம் செய்யும்.

பெயர் பார்த்துச் சேருங்கள்

பயோடெக்னாலஜி என்ற சொல்லுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. விலங்கியல் என்றால் பழைய படிப்பு என்றும், பயோடெக் என்றால் நாளைய படிப்பு என்றும் ஒரு நினைப்பு. கட்டணமும் அதற்கேற்ற மாதிரி கூடுதல். ஆனால் அரசு வேலை அறிவிப்பை எடுத்துப் படித்தால் அங்கே கவர்ச்சிக்கு மதிப்பில்லை, பட்டத்தில் அச்சான பெயருக்குத்தான் மதிப்பு.

தமிழ்நாட்டில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் என்பது உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு புத்தகங்கள். அதனால் ஆசிரியர் பணியிடங்களும் பெரும்பாலும் அந்த இரண்டு பெயர்களில்தான் வருகின்றன. உயிர்த்தொழில்நுட்பம் படித்தவர் பாடத்தில் பாதியை நன்றாகவே நடத்துவார். ஆனாலும் தன் பட்டம் அதற்குச் சமம் என்று காட்ட அரசாணையைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இந்திய வனப் பணித் தேர்வுக்கும் இதே கதைதான். அங்கே தகுதியான பாடங்களின் பட்டியலில் தாவரவியல் இருக்கிறது, விலங்கியல் இருக்கிறது, வேதியியல், பூமியின் அமைப்பைப் படிக்கும் நிலவியல்கூட இருக்கிறது. பயோடெக், மைக்ரோபயாலஜி என்ற பெயர்கள் இல்லை.

சரி, அப்படியானால் பழைய பெயர்தான் எப்போதும் மேல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு 2011-ன் விதிகள் கேட்கும் பட்டங்களில் உயிர்த்தொழில்நுட்பம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் மூன்றும் உண்டு, விலங்கியலும் தாவரவியலும் அந்த வரிசையில் இடம் பெறவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு கதவு. சேருவதற்கு முன்பே, தான் ஆசைப்படும் வேலையின் பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து அதில் தகுதிப் பகுதியை வரி வரியாகப் படித்துவிட வேண்டும். அரை மணி நேர வேலை. மூன்று வருடம் கழித்துப் படித்தால் அதே அரை மணி நேரம் நெஞ்சைப் பிசையும்.

குரூப் 2, வங்கி, எஸ்.எஸ்.சி. மாதிரித் தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும். அங்கே உயிரியலால் நஷ்டமும் இல்லை, பெரிய லாபமும் இல்லை. மெடிக்கல் கோடிங் வேலைக்கு மட்டும் உயிரியல் படித்தவர்களைத் தேடி எடுக்கிறார்கள். அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்பைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் எண் போடும் வேலை அது. உடற்கூறியல் சொற்கள் பழகியிருந்தால் சீக்கிரம் பிடிபடும். வெளியூர் போகாமல் சம்பளம் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒரு நல்ல வழி என்றே சொல்வேன், வேலையின் சலிப்பைத் தாங்க முடிந்தால்.

நான்காவது, ஐந்தாவது வருடம்

உண்மையில் இந்தப் பட்டத்தின் பண மதிப்பு மூன்று வருடத்துக்குள் இல்லை. அதற்குப் பின்னால் எதை ஒட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. பி.எட். ஒட்டினால், 2015-லிருந்து அது இரண்டு வருடப் படிப்பு. ஆக ஐந்து வருடம், அதற்குமேல் தகுதித் தேர்வு, அதற்கும் மேல் போட்டித் தேர்வு. தாண்டி அரசுப் பள்ளிக்குப் போனால் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 36,400-ல் தொடங்குகிறது, படிகள் தனி. தாண்டாமல் தனியார் பள்ளியில் நின்றுவிட்டால் அதில் பாதிகூட வராத இடங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பி.எட். கணக்கின் ஆபத்து.

எம்.எஸ்சி. முடித்து ஆராய்ச்சிக்குப் போவதைப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நான் எதிராகத்தான் நினைக்கிறேன். ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்க நாடு முழுக்க நடக்கும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிர் அறிவியல் பாடத்தில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அடுத்த மூன்று வருடம் மாதம் 42,000. கூட்டிப் பாருங்கள். 24 மாதத்துக்கு 8,88,000, 36 மாதத்துக்கு 15,12,000. சரியாக 24 லட்சம், வாடகைப் படி சேர்க்காமல். படிப்பதற்குச் சம்பளம் கொடுக்கும் இடம் இது. தேர்வு கடினம், கிடைப்பவர்கள் குறைவு என்பதை மறைக்கவில்லை. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் தோற்றுப்போவதில்லை, இப்படி ஒரு தேர்வு இருப்பதே எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்தில்தான் அவர்கள் காதுக்கு வருகிறது. பி.எஸ்சி. இரண்டாம் வருடத்திலேயே அந்தப் பாடத்திட்டத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட வேண்டும் என்று பார்க்கிற பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எம்.எஸ்சி. வரை போக முடியாதவர்களுக்கும் ஆய்வு நிலையங்களில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020-ல் வகுத்தபடி, ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேரும் பி.எஸ்சி. பட்டதாரிக்கு மாதம் 20,000, வாடகைப் படி தனி. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். ஆனாலும் அந்த இரண்டு வருடத்தில் கை பழகும் வேலை, வெறும் பட்டச் சான்றிதழில் இல்லாத ஒன்று.

ஏத்தாப்பூரில் விட்ட குளவி

கை பழகும் வேலை என்று சொன்னதை நம் மாவட்டத்திலேயே காட்ட முடியும். ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். செடியின் நுனிக்குருத்து சுருண்டு கோஸ் மாதிரி உருண்டை கட்டி நிற்கும். விரித்துப் பார்த்தால் உள்ளே மாவு தூவின மாதிரிப் பூச்சி. தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி இது, இந்தியாவில் 2020-ல் கேரளத்தில் முதலில் கண்டார்கள். ஆண் பூச்சியே தேவையில்லாமல் பெருகும் இனம் என்பதால் ஒன்று வந்தால் காடே நிரம்பிவிடும். மருந்தடித்தால் மேலே உள்ள மெழுகு மாவு காப்பாற்றிவிடும், சுருண்ட குருத்தும் காப்பாற்றிவிடும். விவசாயி மருந்துக்குச் செலவழித்துக்கொண்டே இருப்பார். கிழங்கு குறைந்தால் சேகோ ஆலைக்கு வரத்து குறையும், ஜவ்வரிசி விலை ஆடும், லாரிக்காரர் வரை வலிக்கும்.

இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் பரவி மக்களின் சோற்றிலேயே கைவைத்தது. அப்போது பராகுவேயில் இதன் இயற்கை எதிரியைத் தேடிப் பிடித்தார்கள். ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் ஒட்டுண்ணிக் குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளேயே அதைத் தின்று வளரும். அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து பெங்களூரு ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, தனிமைப்படுத்திச் சோதித்து, 2022-ல் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

இந்தக் குளவியை நாளுக்கு நாள் வளர்த்தெடுப்பது எப்படி என்று பாருங்கள். தொட்டியில் மரவள்ளி வளர்க்க வேண்டும். அதில் மாவுப்பூச்சியைப் பரப்ப வேண்டும். சரியான வயதுப் பூச்சிகள் வந்ததும் குளவியை விட வேண்டும். வெடிக்கப் போகும் கூடுகளை உருப்பெருக்கியில் பார்த்துப் பிரித்து எண்ண வேண்டும். ஒரு வாரம் கவனம் தப்பினால் வளர்ப்பே அழிந்துவிடும். நல்ல விலங்கியல் பட்டதாரியின் கண்ணும் கையும் கேட்கும் வேலை இது. உயிரியல் அறிவுக்குப் பண மதிப்பு இல்லை என்று யாராவது சொன்னால் நான் இந்தக் குளவியைத்தான் காட்டுவேன். அறிவின் மதிப்பு கிழங்குக் காட்டில் ஏக்கர் ஏக்கராகத் தெரிகிறது. அது பட்டதாரியின் சம்பளச் சீட்டில் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். குளவி பறந்து பக்கத்துக் காட்டுக்கும் போகும், அந்தக் காட்டுக்காரருக்கும் லாபம், யாரிடமும் வசூலிக்க முடியாது. இப்படி எல்லாருக்கும் பொதுவாகப் பயன்படும் வேலைக்கு அரசு சம்பளம் கொடுத்தால்தான் உண்டு. அந்தப் பணியிடங்களை நிரப்பாமல் வைத்துக்கொண்டு உயிரியலுக்கு வேலை இல்லை என்று பிள்ளைகளைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

யாரிடமாவது வசூலிக்க முடிகிற இடங்களும் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. நாமக்கல் கோழித்தீவன ஆய்வகங்களில் மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று லோடு லோடாகச் சோதிக்கிறார்கள். தவறினால் முட்டை குறையும் என்பதால் பண்ணைக்காரர் அந்தச் சோதனைக்குக் காசு கொடுக்கத் தயார். பால் பண்ணைகளில் தர ஆய்வு, சேகோ ஆலைக் கழிவுநீரில் எரிவாயு எடுக்கும் அமைப்புகள், பட்டு வளர்ப்பு, எல்லாமே உயிரியல்தான். ஏற்காட்டில் காபித் தோட்டக்காரருக்குத் தண்டுத் துளைப்பான் பெரிய தலைவலி. மலையிலேயே பிறந்து தாவரவியல் படித்த ஒரு மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்குத் தெரிகிற செடிகள், வெளியிலிருந்து வரும் ஆலோசகருக்குப் பாதிகூடத் தெரியாது. அங்கே 1963-லிருந்து இயங்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு அந்தப் பிள்ளைகளைச் சுற்றுலாவாகக் கூட்டிப்போவதோடு நிறுத்திவிடாமல், ஒரு மாதம் உள்ளே வேலை பழக அனுப்பக் கல்லூரிகள் முயல வேண்டும்.

அக்காவிடம் கடைசியில் நான் சொன்னது இவ்வளவுதான். கடன் வாங்கி இந்தப் பட்டத்தை வாங்காதீர்கள். குறைந்த செலவில் படிக்கட்டும், மிச்சமாகும் பணமும் தெம்பும் நான்காவது வருடத்துக்கு வேண்டும். அந்த நான்காவது வருடம் என்ன என்பதை இரண்டாம் வருடத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள். மகளுக்குப் பயோடெக் என்ற பெயர் கிடைக்காததில் கொஞ்சம் வருத்தம். வனப் பணிப் பட்டியலைக் காட்டியதும் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டாள்.

இப்போது அவள் அரசுக் கல்லூரியில் விலங்கியல் முதல் வருடம். அக்கா நோட்டின் இடது பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டார். வலது பக்கத்தில் மாதாமாதம் 1,000 வரவு எழுதுகிறார். அதற்கும் கீழே ‘மூணாம் வருசம், எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு’ என்று எழுதி, தொகைக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறார்.